லிபர்ட்டி சிட்டியா, வைஸ் சிட்டியா, சைனாடவுனா? பி.எஸ்.பி.க்கு ஒரே ஒரு ஜி.டி.ஏ. வாங்குவதென்றால்

என் சித்தி பையன் குடியாத்தத்தில் இருக்கிறான். வேலூரில் காலேஜ், மூன்றாம் வருஷம், தினமும் ரயிலில் காட்பாடி வந்து அங்கிருந்து பஸ். போன மாதம் மஸ்கட்டிலிருந்து திரும்பிய அவன் மாமா பெட்டியைக் காலி செய்தபோது ஒரு பழைய பி.எஸ்.பி. 3000 (சோனியின், கையில் வைத்து ஆடும் கேம் மெஷின்) கிடைத்திருக்கிறது, "நீயே வெச்சுக்கோ" என்று இவனிடம் கொடுத்துவிட்டார். மெஷின் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் கூட ஒரு டிஸ்க்கும் இல்லை. லாங் பஜார் பக்கம் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒரு கடையில் தேடியவனுக்கு மூன்று டிஸ்க் கண்ணில் பட்டது. மூன்றும் ஜி.டி.ஏ., அதாவது ஊர் முழுக்க வண்டி ஓட்டிச் சண்டை போட்டுத் திரியும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ கேம்: லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், வைஸ் சிட்டி ஸ்டோரீஸ், சைனாடவுன் வார்ஸ். மூன்றும் தலா 900 ரூபாய். ஒன்றுக்குத்தான் காசு தேறும். கடை வாசலில் நின்றபடியே எனக்குப் போன் போட்டான். "ணா, மூணுமே ஜி.டி.ஏ.ன்னுதான் போட்டுருக்கு, இன்னா வித்தியாசம்? எத வாங்கட்டும்?"

மூன்றையும் கடைசி வரை ஆடியவன் நான். அவன் ரயிலில் ஆடத்தான் கேட்கிறான் என்று தெரிந்ததால் யோசிக்காமல் "சைனாடவுன் வார்ஸ் வாங்குடா, ரயிலுக்கு அதான் சரி" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ராத்திரி படுத்த பிறகு, சரியாகத்தான் சொன்னோமா என்று உறுத்த ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் கூப்பிட்டேன். நல்லவேளை, காசு எடுக்க வீட்டுக்குப் போனவன் இன்னும் வாங்கவில்லை. "இரு, ரெண்டு நாள் பொறு" என்றேன். அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே மூன்றில் எது என்று குழம்புகிற வேறு யாருக்காவதும் உதவும்.

எங்கள் வயசுக்காரர்கள் வேலூரில் ஜி.டி.ஏ. கற்றுக்கொண்டது பிரவுசிங் சென்டரில். தோட்டப்பாளையம் பக்கம் நாங்கள் போன சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 15 ரூபாய். ஒருத்தன் ஓட்டுவான், மூன்று பேர் பின்னால் நின்று பார்ப்போம். நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க சீட் கோடு, அதாவது கேமை ஏமாற்றும் குறுக்குவழி வார்த்தைகள், எழுதி வைத்திருப்போம்: ஆஸ்பிரின் அடித்தால் உயிர் நிறையும், பேன்ஸர் அடித்தால் டாங்க் வந்து நிற்கும், லீவ்மீஅலோன் அடித்தால் போலீஸ் விட்டுவிடும். அதனால் எங்களுக்கெல்லாம் ஜி.டி.ஏ. என்றாலே கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ். கையில் வைத்து ஆடும் மெஷினுக்கு வந்த ஜி.டி.ஏ.க்களைப் பற்றி யாராவது பேசினால், அதெல்லாம் பெரிய கேமைச் சுருக்கிப் போட்டது என்று ஒதுக்கிவிடுவோம். நானும் ரொம்ப வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, சின்ன மெஷினுக்குள் நுழைவதற்காக இந்த மூன்றும் எதையோ விட்டுக்கொடுத்திருக்கின்றன, ஆனால் மூன்றும் விட்டுக்கொடுத்தது ஒரே இடத்தில் இல்லை. எதில் எது போயிருக்கிறது, போனதற்குப் பதில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்தால் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

மூன்றிலும் கைவைத்தது ஒரே ஸ்டூடியோ, ராக்ஸ்டார் லீட்ஸ். 2004-ல் ஜி.டி.ஏ.வை வெளியிடும் ராக்ஸ்டார் வாங்கும்வரை அதன் பெயர் மோபியஸ். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் 2005 அக்டோபரில் பி.எஸ்.பி.க்கு வந்தது, அடுத்த அக்டோபரில் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ். சைனாடவுன் வார்ஸ் 2009 மார்ச்சில் முதலில் நின்டெண்டோ டி.எஸ்.ஸுக்கு வந்து, அதே வருஷம் அக்டோபரில் பி.எஸ்.பி.க்கு மாறியது. இதற்கெல்லாம் முன்னால், 2004-ல், கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒரு ஜி.டி.ஏ. வேறொரு ஸ்டூடியோ செய்து வந்தது, அதை இந்தப் பேச்சில் சேர்க்கத் தேவையில்லை.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கேமின் குறையும் மெஷினின் குறையும் ஒன்றாகக் குழம்பிவிடும். பி.எஸ்.பி.யின் திரை 4.3 அங்குலம், 480-க்கு 272 புள்ளிகள். இடது பக்கம் பெருவிரலால் நகர்த்தும் நப் ஒன்றே ஒன்று. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் வலது பக்கம் இருக்குமே, கேமராவைத் திருப்ப ஒரு ஸ்டிக், அது இதில் கிடையவே கிடையாது. ப்ராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, ஆனால் 2007-ல் சோனி அனுமதிக்கும் வரை கேம்கள் 222-க்கு மேல் போக முடியாதபடி கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸும் வைஸ் சிட்டி ஸ்டோரீஸும் அதற்கு முன்பே வந்தவை. அதாவது ஒரு முழு நகரத்தை, ரோட்டில் ஓடும் வண்டிகளும் நடக்கும் ஆட்களுமாக, ஒரு கையைக் கட்டிப்போட்ட மாதிரியான நிலைமையில் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டூடியோ மேல் மரியாதை கூடும்.

சரி, லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ். பி.எஸ்.பி.யிலேயே மிக அதிகமாக விற்ற கேம் இதுதான். 2001-ல் வந்த ஜி.டி.ஏ. 3-ல் டோனி சிப்ரியானி என்று ஒரு தடித்த ஆள் மிஷன் (செய்துமுடிக்க வேண்டிய வேலை) கொடுப்பான், அம்மாவின் ரெஸ்டாரன்ட் வாசலில் நின்றுகொண்டு. அவன்தான் இதில் நாயகன். காலம் 1998, ஜி.டி.ஏ. 3 கதைக்கு மூன்று வருஷம் முன்னால். ஜி.டி.ஏ. 3 ஆடியவர்களுக்கு இதில் கிடைக்கும் சுகமே தனி. அங்கே ஜோராகக் கார் ஓட்டிய காலஹான் பாலம் இங்கே இன்னும் கட்டி முடியவில்லை, அக்கரைக்குப் போக ஃபெர்ரி இருக்கிறது. அங்கே ஸ்டாண்டன் தீவில் ஒரு பெரிய கட்டுமான இடத்தைப் பார்த்திருப்போம், அது ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதற்கான காரணத்தை இந்தக் கேமில் நம் கையாலேயே செய்கிறோம். பாலாறு வறண்டு கிடப்பதை மட்டுமே பார்த்து வளர்ந்தவனுக்குத் தாத்தா, இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போன கதையைச் சொன்னால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. தெரிந்த ஊரின் தெரியாத காலம்.

டோனியின் அம்மா பாத்திரம் எனக்கு மறக்கவே இல்லை. மகன் எவ்வளவு செய்தாலும் போதாது, அப்பா மாதிரி இல்லை, மற்றவர்கள் மாதிரி இல்லை என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பாள், கடைசியில் மகனைக் கொல்லவே ஆள் வைக்கும் அளவுக்குப் போகிறாள். மகன் கூட்டத்தில் பெரிய ஆளான பிறகுதான் அவள் மனம் இறங்குகிறது. ஒப்பிட்டுப் பேசும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் சுள்ளென்று படும்.

இதன் குறை என்ன? முதல் குறை ஊர். மூன்று தீவும் ஏற்கெனவே பார்த்தவை, ஜி.டி.ஏ. 3 ஆடாதவனுக்கு நான் மேலே சொன்ன சுகம் எதுவும் கிடைக்காது, அவனுக்கு இது வெறும் சாம்பல் நிற நகரம், மேகமூட்டமும் மழையும். ஜி.டி.ஏ. 3-ல் இல்லாத பைக் இதில் உண்டு, அது நல்ல விஷயம், ஆனால் தண்ணீரில் விழுந்தால் டோனிக்கு நீந்தத் தெரியாது, அவ்வளவுதான் கதை. ஹெலிகாப்டரோ விமானமோ ஓட்டுவதற்கு வழி செய்யவில்லை. கம்ப்யூட்டரில் ஆடிய பழைய வைஸ் சிட்டியில் ஹெலிகாப்டரில் சுற்றிய கைக்கு இது குறையாகத் தெரியும்.

இரண்டாவது குறை கேமரா, இதுதான் நிஜமாகவே வலிக்கும் இடம். வலது ஸ்டிக் இல்லாததால் எல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நப்பைத் திருப்பினால்தான் கேமரா திரும்பும். ஓடிக்கொண்டே பக்கவாட்டில் பார்க்க முடியாது, நடப்பதற்கும் பார்ப்பதற்கும் அந்த ஒரே நப்தான். சுடும்போது ஆர் பட்டனில் ஆளைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் பிடிக்கிற ஆள் பல நேரம் நமக்குத் தேவையான ஆளாக இருக்க மாட்டான். முன்னால் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பான், இது ரோட்டோரம் சும்மா போகும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெரிய மிஷனின் கடைசியில் இப்படி ஆகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தால், பி.எஸ்.பி. பதிப்பில் நடுவே செக்பாயின்ட் கிடையாது என்பது அப்போதுதான் உறைக்கும்.

அடுத்து வைஸ் சிட்டி ஸ்டோரீஸ். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசிங் சென்டரில் அந்தப் பழைய வைஸ் சிட்டியை முதல்முறை திறந்தபோது அந்த ஆரம்பக் காட்சியை எல்லோருமே பார்த்திருப்போம். துறைமுகம், இருட்டு, பணப்பெட்டி கைமாறும் நேரத்தில் மறைந்திருந்தவர்கள் சுட ஆரம்பிக்கிறார்கள், நாயகன் டாமி தப்பிக்கிறான். அந்தச் சண்டையில் சரக்கோடு வந்த ஒருவன் அங்கேயே விழுந்து சாவான், அவன் தம்பி ஹெலிகாப்டரில் பறந்துவிடுவான். விழுந்தவன் யார் என்று நாங்கள் யாரும் யோசித்தது கிடையாது, என்டர் தட்டித் தாண்டிப் போவோம். அவன்தான் விக்டர் வான்ஸ். 2006-ல் வந்த இந்தக் கேம் முழுக்க அவன் கதை. வருஷம் 1984, அதாவது அவன் அந்தத் துறைமுகத்தில் சாவதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

விக்டர் தப்பு வழியில் போக ஆசைப்பட்டவனே இல்லை. தம்பி பீட்டுக்கு ஆஸ்துமா, மருந்துக்குக் காசு வேண்டும், குடும்பத்தைக் காப்பாற்றத்தான் ராணுவத்தில் சேர்கிறான். எங்கள் மாவட்டத்தில் இதைப் புரிய வைக்கத் தனியாக மெனக்கெட வேண்டாம். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவோம், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனவர்கள். ஒரு பையன் பட்டாளத்துக்குப் போனால் அவன் பின்னால் எத்தனை பேர் சாப்பாடும் படிப்பும் கல்யாணமும் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். விக்டருக்கு மேலதிகாரியாக வரும் சார்ஜென்ட் மார்டினஸ் அவனைத் தன் கள்ள வேலைகளுக்குப் பயன்படுத்துகிறான், மாட்டிக்கொள்ளும் நேரத்தில் கைகழுவிவிடுகிறான், பழி விக்டர் தலையில் விழுந்து வேலை போகிறது. அங்கிருந்து அவன் ஒவ்வொரு படியாக இறங்குகிறான், ஒவ்வொரு தடவையும் "இதோடு போதும்" என்றுதான் இறங்குகிறான். கேம் முழுக்க நம் தலைக்குப் பின்னால் அந்தத் துறைமுகக் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். இவன் எங்கே போய் முடிவான் என்று ஆடுகிறவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரு கிளைக் கதை மூலக் கதைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். இதை முடித்துவிட்டு மறுபடி பழைய வைஸ் சிட்டியைப் போட்டபோது அந்தக் காட்சியில் என்னால் என்டர் தட்ட முடியவில்லை.

கதையை விட்டு ஆட்டத்துக்கு வந்தாலும் முந்தியதைவிட இது நன்றாக வளர்ந்திருக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டலாம், ஜெட் ஸ்கீ உண்டு, விக்டருக்குக் கொஞ்ச தூரம் நீந்தவும் தெரியும், மூச்சு தீர்வதற்குள் கரை சேர வேண்டும், அவ்வளவே. போலீஸிடம் மாட்டினாலோ ஆஸ்பத்திரியில் எழுந்தாலோ காசு கட்டித் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய ஜி.டி.ஏ.க்களில் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரு நொடியில் போகும்போது வயிறெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்புறம் தொழில் சாம்ராஜ்யம். ஊர் முழுக்க முப்பது இடங்கள், எதிரிக் கும்பலின் இடத்தை அடித்துப் பிடித்து, அங்கே கடத்தலா, வட்டித் தொழிலா, பாதுகாப்பு வசூலா என்று நாமே தேர்ந்தெடுத்து, சின்னதாகவோ பெரியதாகவோ கட்டலாம். அவர்கள் திரும்ப வந்து அடிப்பார்கள், போய்க் காப்பாற்ற வேண்டும், விட்டுவிட்டால் சரிசெய்யச் செலவு. மிஷன் எதுவும் ஆட மனமில்லாத நாளில்கூட ஒரு இடத்தைப் பிடிக்கலாமே என்று கை போகும். இசையைச் சொல்லாமல் விட முடியாது, எண்பதுகளின் பாட்டு ரேடியோவில் ஓடுகிறது, நிஜப் பாடகர் ஃபில் காலின்ஸ் ஃபில் காலின்ஸாகவே கதைக்குள் வருகிறார், அவர் மேடையேறிப் பாடும் நேரத்தில் அவரைக் காப்பாற்றும் மிஷனே இருக்கிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. கேமரா பிரச்சினை இதிலும் அப்படியேதான், சுடும்போது ஆளைப் பிடித்துக்கொள்ளும் லாக்-ஆன் கொஞ்சம் தேறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்களையும் வண்டிகளையும் அதிகமாக்கியதால் மெஷின் திணறுகிறது, குண்டு வெடித்துப் புகை எழும் இடங்களில் படம் தட்டுத்தடுமாறி நகரும். மிஷன்கள் நீளமாகிக்கொண்டே போகும், பின்பாதியில் சிலது உண்மையிலேயே கடினம். தொழில் சாம்ராஜ்யமும் ஆரம்பத்தில் தரும் உற்சாகத்தைக் கடைசிவரை தருவதில்லை, இருபது இடம் பிடித்த பிறகு இருபத்தொன்றாவதும் அதே சண்டைதான், அந்த நேரத்தில் "உன் இடத்தை அடிக்கிறார்கள்" என்று அடிக்கடி வரும் செய்தி எரிச்சல் தரும்.

இனி சைனாடவுன் வார்ஸ். மற்ற இரண்டும் பெரிய ஜி.டி.ஏ.யை அப்படியே சின்ன மெஷினுக்குள் கொண்டுவரப் பார்த்தவை. இது அந்த வழியையே விட்டுவிட்டது. கேமரா மேலே இருந்து பார்க்கிறது, படம் கறுப்புக் கோடு போட்ட காமிக்ஸ் மாதிரி இருக்கிறது. அதனால் நான் மேலே புலம்பிய கேமராத் தலைவலி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. ஊர் ஜி.டி.ஏ. 4-ல் பார்த்த லிபர்ட்டி சிட்டி, அதில் ஆல்டர்னி பகுதியை மட்டும் விட்டுவிட்டார்கள். நாயகன் ஹுவாங் லீ, அவன் அப்பாவைக் கொன்றுவிட்டார்கள், பரம்பரை வாள் ஒன்றைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஊருக்கு வருகிறான், வந்த இடத்திலேயே வாள் பறிபோகிறது. கதை அவ்வளவு ஆழம் கிடையாது, ஹுவாங்கின் கிண்டல் பேச்சுதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது.

இதன் பலம் முழுக்க ஆட்டம் துண்டு துண்டாகப் பிரிந்திருப்பதில். மிஷன்கள் சின்னவை. தோற்றுவிட்டால் மறுபடி ஊர் முழுக்க வண்டி ஓட்டிப் போகத் தேவையில்லை, சண்டை ஆரம்பிக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். ஆயுதம் வேண்டுமா, கடைக்குப் போக வேண்டாம், கையிலுள்ள குட்டிக் கருவியில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும். போலீஸ் துரத்தும் முறையும் புதுசு, ஒளிந்துகொண்டு காத்திருப்பதற்குப் பதிலாக, துரத்தும் போலீஸ் வண்டிகளை மோதி நிறுத்தினால், போலீஸ் எவ்வளவு மும்முரமாகத் தேடுகிறது என்று காட்டும் நட்சத்திரம் குறையும், அந்தத் துரத்தல் ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்து கை வியர்த்திருக்கும். குடியாத்தத்தில் ஏறி லத்தேரி தாண்டுவதற்குள் ஒரு மிஷன் முடித்துவிடலாம், காட்பாடி வருவதற்குள் இன்னொன்று. வசனங்களுக்குக் குரல் கிடையாது, எழுத்தில் வரும். குரலுக்காகவே ஜி.டி.ஏ. ஆடுபவர்களுக்கு இது பெரிய இழப்பு, ஆனால் நெருக்கியடித்து உட்கார்ந்த பெட்டியில், ஹெட்போன் இல்லாமல், ஒரு வார்த்தை தவறாமல் கதையைத் தொடர முடிகிறது என்பதும் உண்மை.

விமர்சகர்கள் இதைக் கொண்டாடினார்கள், விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் டி.எஸ். பதிப்புக்கு நூற்றுக்கு 93. ஆனால் வெளிவந்த அந்த மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் 90,000 பிரதிகூடப் போகவில்லை. நல்ல கேம் ஒன்று, மேலிருந்து பார்க்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டதாகத்தான் எனக்குப் படுகிறது, நாங்கள் பிரவுசிங் சென்டரில் ஒதுக்கிய மாதிரியே.

பி.எஸ்.பி.யில் இதற்கென்று ஒரு தனிக் குறை உண்டு, அதைத்தான் நான் தம்பியிடம் போனில் சொல்ல மறந்தேன். இந்தக் கேம் பிறந்தது தொடுதிரைக்கு. டி.எஸ்.ஸில் குச்சியால் திரையைத் தொட்டு வண்டியின் பூட்டை உடைக்க வேண்டும், மைக்கில் விசிலடித்து டாக்ஸியைக் கூப்பிடலாம். பி.எஸ்.பி.க்கு வந்தபோது திரை அகலமாகி, வெளிச்சமும் நிறமும் அழகாகி, சில மிஷன்களும் சேர்ந்தன. ஆனால் தொட்டுச் செய்த வேலைகளெல்லாம் பட்டனுக்கு மாறிவிட்டன, அந்தக் கைவேலையின் ருசி அங்கே கிடைக்காது. வேகமாக வண்டி ஓட்டும்போது முன்னால் என்ன வருகிறது என்பது போதுமான அளவு தெரியாது, அதுவும் ஒரு குறை.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கேமில் காசு சேர்ப்பதற்கு முக்கியமான வழி போதைப்பொருள் வியாபாரம். ஆறு வகை, ஒரு தெருவில் மலிவாக வாங்கி இன்னொரு தெருவில் விலை ஏறியிருக்கும்போது விற்பது. கணக்காகப் பார்த்தால் நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி வாங்கி விற்கும் அதே சாமர்த்தியம்தான், அதனால்தான் அது இவ்வளவு பிடித்து இழுக்கிறது. ஆனால் விற்கும் பொருள் என்னவென்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வாமல்தான் இருந்தது, வேலூர் மாதிரி மாணவர்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி இல்லாமல் எப்படி இருக்கும். மூன்று கேமுமே பெரியவர்களுக்கானவை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள். தம்பிக்கு இருபது வயசு, அவனுக்குத் தெரியும்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊரில் அதைத் தாண்டி எதையும் முடிவு செய்ய முடியாது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காலை எட்டு மணிக்கே திரையில் வெயில் அடிக்கும். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸின் சாம்பலும் இருட்டும் அந்த வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியாது, ராத்திரி மிஷன் வந்தால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் வெளிர் நிறமும் நியானுமாக இருப்பதால் பரவாயில்லை. சைனாடவுன் வார்ஸின் தடித்த கோடுகள் எந்த வெயிலிலும் தெரியும்.

இதுவரை படித்தவர்கள், ரயிலில் போகிற பையனுக்குச் சைனாடவுன் வார்ஸ்தானே சரி, முதலில் சொன்னதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். ராத்திரி எனக்கு உறைத்தது இதுதான்: அவன் பையில் பி.எஸ்.பி. மட்டும் இல்லை, ஒரு ஆண்ட்ராய்டு போனும் இருக்கிறது. சைனாடவுன் வார்ஸ் 2010-லேயே ஐபோனுக்கும், 2014 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. போனில் தொடுதிரை இருப்பதால், பி.எஸ்.பி.யில் தொலைந்த அந்தக் கைவேலை அங்கே திரும்பக் கிடைக்கிறது. லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் 2015 டிசம்பரில் ஐபோனுக்கும் 2016 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, அதில் தூரம்வரை ஊர் தெரிகிறது, மிஷன் நடுவே செக்பாயின்ட்டும் சேர்த்திருக்கிறார்கள், நான் மேலே சொன்ன பெரிய வலி ஒன்று அங்கே பாதி குறைந்துவிடுகிறது. வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் மட்டும் போனுக்கு வரவே இல்லை. பி.எஸ்.பி., பி.எஸ். 2, பிறகு பி.எஸ். 3-ல் டவுன்லோடாக வந்தது, அதோடு சரி. ஆக அந்தக் கடையில் இருக்கும் மூன்று டிஸ்க்கில், அந்த மெஷினில் மட்டுமே அவனுக்குக் கிடைக்கப்போவது ஒன்றுதான். 900 ரூபாயை அதில்தான் போட வேண்டும்.

பி.எஸ்.பி. கேமைப் போனிலேயே ஓட்டும் எமுலேட்டர் இருக்கிறதே என்று சொல்வார்கள். பி.பி.எஸ்.எஸ்.பி.பி. நல்ல செயலி, 2012-லிருந்து இருக்கிறது, இலவசம், படத்தைப் பெரிய அளவில் துல்லியமாகக் காட்டும், சொந்தமாக டிஸ்க் வைத்திருந்து அதிலிருந்து எடுத்து ஆடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வைஸ் சிட்டி ஸ்டோரீஸைத் தொடுதிரைப் பட்டனில் ஆடிப் பார்த்தேன், எல் பட்டனை அழுத்திக்கொண்டு நப்பைத் திருப்புவது கண்ணாடி மேல் வேலைக்கே ஆகவில்லை, விரல் நழுவிக்கொண்டே இருக்கிறது. கையிலேயே நிஜமான பட்டன் உள்ள மெஷின் இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு.

ரயிலில் வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் ஆட முடியுமா என்றால், முடியும். பி.எஸ்.பி.யின் பவர் ஸ்விட்சை ஒரு தடவை தள்ளினால் மெஷின் அப்படியே தூங்கிவிடும், மிஷன் நடுவில் இருந்தாலும் சரி. காட்பாடியில் இறங்கும்போது தள்ளிவிட்டு, சாயங்காலம் திரும்பும் ரயிலில் மறுபடி தள்ளினால் விட்ட இடத்திலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் பேட்டரி தீராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி விஷயத்தில் நான் பட்டது ஒன்று உண்டு: புதுசு என்று சொல்லி விற்கப்பட்ட பேட்டரி ஒன்று மூன்று மாதத்தில் உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டது. மூடி சரியாக உட்காரவில்லை என்றால் உடனே கழற்றிவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, "நான் வைஸ் சிட்டியே ஆடினது இல்லையேண்ணா, கதை புரியுமா?" என்பதுதான். புரியும், நடந்த வரிசைப்படி பார்த்தால் இதுதான் முதல் கதை. இதை முடித்துவிட்டு வைஸ் சிட்டிக்குப் போனால், அந்தத் துறைமுகத்தில் விழுகிறவன் யார் என்று தெரிந்தே பார்ப்பான். என் தலைமுறையில் யாருக்கும் அது வாய்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. சைனாடவுன் வார்ஸைப் போனில், அடுத்த மாதம் கையில் காசு சேரும்போது வாங்கிக்கொள், வாங்குமுன் உன் போனில் ஓடும் என்று ஸ்டோரில் காட்டுகிறதா பார் என்றேன். லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், ஜி.டி.ஏ. 3 ஆடிய பிறகு.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பழைய யு.எம்.டி. (பி.எஸ்.பி.யின் டிஸ்க்) வாங்கும்போது முன்பக்கத்துக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஓரத்தில் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பாருங்கள், பிரிந்திருந்தால் டிஸ்க் உள்ளே உரசும். எந்த நாட்டு டிஸ்க்காக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், பி.எஸ்.பி. கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. மெஷினை எடுத்துப்போய், போட்டு, முதல் மிஷன்வரை கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஓடியது, வாங்கினோம். அப்போதுதான் கவனித்தேன், மெஷினில் மெமரி ஸ்டிக்கே இல்லை. பி.எஸ்.பி. 3000-க்கு உள்ளே சேமிக்க இடம் கிடையாது, மெமரி ஸ்டிக் டுவோ இல்லாமல் எந்தக் கேமையும் சேவ் பண்ண முடியாது. போனில் போடும் சின்ன மெமரி கார்டைச் செருக ஒரு அடாப்டர் கிடைக்கும், அதையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம்.